துபாய்ப் பருப்பு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அதிலுள்ள கஷ்டம் புரியும். எங்கள் மகள் ஆயிஷா சித்திகாவைப் பெண் கேட்டு மேலூரிலிருந்து ஆட்கள் வந்தபோது, மரியாதைக்கு "பிரியாணி பிரமாதம்" என்றார்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "இல்லங்க, இன்னிக்கு உப்புத் தூக்கல். பதட்டத்துல ரெண்டு தடவை போட்டுட்டா" என்று என்னைக் கை காட்டினார். அன்றைக்கு நான் முறைத்த முறைப்பில் அவர் சட்டை பொசுங்கியிருக்க வேண்டும்.

அவர் பெயர் ஜமீல். மதுரையில் நெல்பேட்டையிலிருந்து கீழவாசல் போகிற வழியில், ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டினால் அடைத்துவிடுகிற அகலத்தில் ஒரு அத்தர் கடை வைத்திருக்கிறார். "இது ஒரிஜினல் சந்தனமா பாய்?" என்று யாராவது கேட்டால், "ஒரிஜினல் வாங்கி விக்கிற வசதி எனக்கு ஏதுங்க" என்பார். அப்படியும் கடை ஓடுகிறது என்றால் அது அல்லாஹ்வின் கிருபை. வெள்ளிக்கிழமையானால் சின்ன அத்தர் பெட்டியோடு பள்ளிவாசல் வாசலில் போய் நிற்பார். ஜும்ஆ தொழுகைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் புறங்கையை நீட்ட, ஒரு துளி தடவி, "வாங்க, வாங்க" என்று உள்ளே அனுப்புவார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவன் நிற்பதுபோல அப்படி ஒரு நிற்பு.

மற்ற நாட்களில் ஐந்து வேளையும் முதல் வரிசையில், லுங்கிக் கடை சிக்கந்தருக்குப் பக்கத்தில் நிற்பார். தொழுகையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், நடுவில் இடைவெளி விடக் கூடாது. அந்த இரண்டு தோள்களும் எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படி ஒட்டி நின்றவை.

எனக்குப் பொய் நன்றாக வரும். சின்னச் சின்னப் பொய்கள்தான். வீடு என்று ஒன்று நடக்க வேண்டுமே, இரண்டு பேரும் உண்மையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி?

எங்கள் மகன் ஜுல்பிகர் ஷார்ஜாவில் இருக்கிறான். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்து ஊர் எல்லாவற்றுக்கும் துபாய் என்றுதான் பெயர். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில், பருப்பு வகைகளும் உலர்ந்த பழங்களும் குவித்து வைத்திருக்கும் பகுதியில் அவனுக்கு வேலை. மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. லீவு கேட்கும்போதெல்லாம் அடுத்த பெருநாளுக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறார்களாம். அத்தாவுக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் போனில் சொன்னதும் பிள்ளை பதறிவிட்டான். அவன் கடைக்கு வருகிற ஒரு அம்மாள் தைராய்டுக்கென்றே ஒரு பருப்பு வாங்கிப் போவாளாம். யூடியூபிலும் பார்த்தானாம். ஊருக்கு வந்த சிநேகிதன் ஒருவனிடம் அதில் ஒரு டப்பா கொடுத்தனுப்பினான்.

டப்பாவில் பிரேசில் நட்ஸ் என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை மாதிரி வளைந்து, தடித்து இருந்தது. கடித்தால் கொப்பரையைப் போல எண்ணெய் ஊறியது. எங்கள் வீட்டில் அதற்குத் துபாய்ப் பருப்பு என்று பெயராகிவிட்டது.

"ஒவ்வொண்ணா நானே பொறுக்கிப் போட்டேன்த்தா. ஒடஞ்சது ஒண்ணுகூட இருக்காது. பாதாம் மாதிரி தெனமும் சாப்புடுங்க. தைராய்டுக்கு நல்லது, முடிக்கும் நல்லது" என்றான்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்து இவர் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்துப் போன் வரும். அங்கே அது அவன் டீ குடிக்கிற நேரம். முதல் கேள்வி, "அத்தா, பருப்பு சாப்ட்டீங்களா?" இவருக்குத்தான் பொய் வராதே. அதனால் காலையில் ஒரு கை, சாயங்காலம் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு கை என்று அள்ளிப் போட்டுக்கொண்டு, "சாப்ட்டேன்பா" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜுல்பிகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். அத்தாவுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி, பாசத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. இந்தப் பருப்பை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு டப்பா தீருவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

பக்ரீத் முடிந்து கொஞ்ச நாள் கழித்து சிக்கந்தர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. பாய் பச்சப் பூண்டு ஏதும் சாப்புடுறாரா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"தொழுகையில நிக்கயில வாடை வருது. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வாரவன் போறவன் பூரா என்னையவுல்ல பாக்குறான்."

பச்சைப் பூண்டைத் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வரக் கூடாது என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒட்டி நிற்கும் இடமல்லவா? இவரிடமிருந்து அந்த வாடை வருவது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பூண்டு உரிக்காத நாள் எங்கள் அடுப்படியில் ஏது? சுவருக்கே அந்த வாடைதான் என்று விட்டுவிட்டேன். சிக்கந்தர் சொல்லிப் போனதும் எனக்கு மானம் போய்விட்டது. அன்றே வீட்டில் பூண்டை நிறுத்தினேன். பூண்டில்லாத தால்சா, பூண்டில்லாத சால்னா, பூண்டில்லாத ரசம். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

வாடை குறையவில்லை, கூடியது. பக்கத்தில் வந்து பேசினாலே தெரிந்தது. பல் டாக்டரிடம் போய்ப் பார்த்தார், பல்லில் ஒரு குறையும் இல்லை. ஏலக்காயை மென்றார், கிராம்பை மென்றார். ஏலக்காயையும் கிராம்பையும் தாண்டிக்கொண்டு பூண்டு வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"கடையில வச்சுப் பச்சப் பூண்டு திங்கிறீங்களா? கொழுப்புக்கு நல்லதுன்னு எவனாச்சும் சொன்னானா?"

"இல்ல பீவி."

"பின்ன எங்கிட்டு இருந்து வருது?"

"தெரியலயே."

"அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுங்க."

அவர் ஆணையிடவில்லை. "இம்புட்டு நாளா நான் சொன்னாப் போதும்னு இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் புத்தி கேட்கிறதா? அவர் குளிக்கப் போனதும் சட்டைப் பையை மோந்து பார்த்தேன். ரோஜா அத்தர் வாசம்தான் வந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அது நடந்தது. பள்ளி வாசலில் இவர் அத்தர் தடவக் குனிந்தபோது, ஒரு இளவட்டம் கையை மட்டும் நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டானாம். உள்ளே தொழுகை நடத்தும் ஹஜரத் தன் பயானில், பள்ளிக்கு வருகிறவர்கள் வாய் வாடை இல்லாமல் வர வேண்டும் என்று பொதுவாகத்தான் பேசினாராம். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? இவர் வீட்டுக்கு வந்து அத்தர் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது எழுந்திருக்கவில்லை.

"நான் வீட்லயே தொழுதுக்கிறேன் பீவி. என்னால அடுத்தவங்க தொழுகை கெடக் கூடாது."

மாடி அறையில் பாயை விரித்துத் தனியாக நின்றார். பழக்க தோஷத்தில் வலப்பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, பாயின் இடது ஓரமாகவே நின்றார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சண்டைக்காரிதான் நான், ஆனால் அன்றைக்கு அடுப்படியில் போய் அழுதேன். நோன்பு மாதம் பிறப்பதற்குள் இந்த மனிதரைத் திரும்ப அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவில், மேலூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த ஆயிஷாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினோம். துபாய்ப் பருப்பு டப்பா வீட்டிலேயே இருந்துவிட்டது. சாயங்காலம் பிள்ளை கேட்டதற்கு, "வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்பா" என்று இவர் குற்றவாளி மாதிரி சொன்னார். "சரித்தா, போனதும் சாப்புடுங்க" என்றான். மகள் தேறி எழுந்து நடக்கும்வரை இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். கிளம்புகிற சமயத்தில் ஒருநாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு மருமகன் இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பக்கத்துல நின்ன ஆளு நகரவே இல்ல பீவி! குவாரில லாரி ஓட்டுறவராம். தோளு வலிக்கிற மாதிரி ஒட்டி நின்னாரு."

நானும் கிட்டப் போய் மோந்து பார்த்தேன். வாடை நன்றாகவே குறைந்திருந்தது. இத்தனைக்கும் சம்பந்தியம்மாள் பூண்டை எண்ணிப் போடுகிறவள் இல்லை, அள்ளிப் போடுகிறவள். அப்படியென்றால் குற்றம் பூண்டில் இல்லை, என் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். மதுரைக்குத் திரும்பிய அன்றே அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தேன். மிக்ஸி ஜாரை வெந்நீரில் போட்டேன். தண்ணீர்த் தொட்டியை இறங்கிக் கழுவச் சொன்னேன். அடுப்படிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நான் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இவர் கூடத்தில் உட்கார்ந்து, மேலூரில் விட்டுப்போனதற்கும் சேர்த்துப் பருப்பை மென்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் சுவரைத் துடைத்தேன். என்ன கண்ணோ!

ஒரு வாரத்தில் வாடை பழையபடி வந்துவிட்டது. தலையணையை வெயிலில் போட எடுத்தபோது உறை முழுக்க முடி. தாடியும் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குறைந்திருந்தது. நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடுகள். அத்தர் புட்டியின் மூடியைத் திறக்கும்போது கட்டைவிரல் நகம் பாதி ஒடிந்து வந்துவிட்டது. சதா அசதி, தொட்டதற்கெல்லாம் கோபம். கோபம் என் இலாகா, அவருக்கு அது பழக்கமில்லாத விஷயம். அவருக்கே தன்னைப் பிடிக்காமல் போனது. பிள்ளையிடம் சொன்னேன். "முடி கொட்டுதா? அப்ப இன்னும் கொஞ்சம் சேத்துச் சாப்புடச் சொல்லும்மா, முடிக்குத்தான் அது ரொம்ப நல்லது" என்றான். மத்தியானச் சோற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கைப் பருப்பை நானே வைத்தேன்.

கடைசியில் நகத்தைக் காட்டுவதற்கென்று சிம்மக்கல் பக்கம் தோல் டாக்டர் கனகலட்சுமியிடம் கூட்டிப் போனேன். சின்ன வயதுதான். இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை இவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா, கைக்குட்டைய எடுங்க. என் பக்கமா நல்லா ஊதுங்க" என்றார்.

இவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். எத்தனையோ மாதமாக எல்லோரும் விலகிப் போன மூச்சு அது. டாக்டர் இன்னும் கிட்டக் குனிந்தார். இவர் ஊதினார். கண் கலங்கிவிட்டது இவருக்கு. எனக்கும்தான்.

"பஸ்பம், லேகியம், சத்து மாத்திரை ஏதாச்சும் சாப்புடுறீங்களா?"

"தைராய்டு மாத்திரை மட்டுந்தாம்மா."

"வெளிநாட்டுலருந்து ஏதாச்சும் வருதா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வெளிநாடு என்றதும் அத்தரும் போர்வையும்தான் என் நினைப்பில் இருந்தது. இவர் முந்திக்கொண்டு, "பய ஒரு பருப்பு அனுப்புவான். பிரேசில் நட்ஸு" என்றார்.

"எம்புட்டு சாப்புடுவீங்க?"

இவர் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். "இது மாதிரி மூணு வேளை."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "செலினியம்னு ஒரு சத்து இருக்குங்கய்யா. மண்ணுல இருந்து பயிருக்கு வந்து, அதுலருந்து நமக்கு வருது. தைராய்டுக்கு அது வேணும், உங்க மகன் சொன்னது பொய்யில்ல. ஆனா துளியூண்டு போதும். மீனு, முட்டை, கறி, கோதுமையிலயே நமக்குக் கிடைச்சுரும். இந்தப் பருப்புல அது அம்புட்டு அடர்த்தியா இருக்கு. ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒண்ணே போதும், மிஞ்சிப் போனா ரெண்டு. நீங்க கை கையா சாப்ட்டிருக்கீங்க. அளவு மிஞ்சினா முடி கொட்டும், நகம் ஒடியும், அசதி, எரிச்சல் எல்லாம் வரும். மிச்சத்த உடம்பு மூச்சு வழியா வெளிய தள்ளும். அந்த வாடை பூண்டு மாதிரியே இருக்கும். ரத்தத்துல பாத்துருவோம். ஆனா இன்னையிலருந்து ஒண்ணுகூட வேணாம்."

இவர் ஒடிந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "காலம் பூரா ஊருக்கெல்லாம் ஒரு துளிதான் தடவி விட்டிருக்கேன்மா. புட்டியோட கவுத்தா தலவலிதான் வரும்னு நானே சொல்லுவேன். எனக்கே தெரியாமப் போச்சே."

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினோம். வீட்டுப் படி ஏறும்போதுதான், "ஜுல்பிகருக்குத் தெரியக் கூடாது பீவி" என்றார். "பிள்ள ஒவ்வொண்ணாப் பொறுக்கி அனுப்புனான். அதுதான் அத்தாவப் பள்ளிக்குப் போக விடாமப் பண்ணுச்சுன்னு தெரிஞ்சா தாங்குவானா?"

"சாப்ட்டீங்களான்னு கேப்பானே, என்ன சொல்லுவீங்க?"

அன்றிலிருந்து போன் வருகிற நேரத்தில் மாடிக்குப் போய்விடுவார். நான் எடுப்பேன். "சாப்ட்டாருப்பா, ரெண்டு கை" என்பேன். அத்தா எங்கே என்றால் ஒருநாள் கடையில் என்பேன், ஒருநாள் குளிக்கிறார் என்பேன். ரத்தப் பரிசோதனையில் டாக்டர் சொன்னதுதான் வந்தது. அந்த விஷயத்தையும் பிள்ளையிடம் மூச்சு விடவில்லை. இன்னொரு டப்பாவும் வந்து இறங்கியது. பிரிக்காமல் அலமாரியில் வைத்தோம்.

"அத்தாவுக்கு என்மேல கோவமாம்மா? லீவு போட்டு வரலன்னு வருத்தமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"சேச்சே, அதெல்லாம் இல்லப்பா" என்றேன். வழக்கமாகப் பொய் சொன்னால் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை.

வாடை நாளாக நாளாகக் குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. நகத்தின் அடியில் புதுசாக ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கிளம்புங்க பள்ளிக்கு, இப்ப சுத்தமா வாடை இல்ல" என்றேன். இவர் அசையவில்லை. சிக்கந்தர் வந்து மூக்கை இவர் வாயருகே கொண்டுவந்து மோந்து பார்த்துவிட்டுச் சத்தியம் பண்ணினார். "அவன் சிநேகிதன், அப்படித்தான் சொல்லுவான்" என்றார் இவர்.

"நான் சொல்றேன்ல? என்னைய நம்ப மாட்டீங்களா?"

"நீ பிள்ளகிட்டப் பேசுறது மாடிக்குக் கேக்குது பீவி. எம்புட்டு அழகா சொல்ற! எனக்கே நான் சாப்ட்ட மாதிரி இருக்கு." குத்திக்காட்டுகிற தொனியே அவர் குரலில் இல்லை. "என் மனசு நோகக் கூடாதுன்னா, என்கிட்டயும் அப்படித்தான சொல்லுவ."

சுருக்கென்று தைத்தது. நோன்புக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. பள்ளியில் கஞ்சி காய்ச்சும் அண்டாக்களை இறக்கிக் கழுவுகிற சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. இவர் வழக்கம்போல மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அத்தா பருப்பு சாப்ட்டாரா?"

"இல்லப்பா. சாப்ட்டு ரொம்ப நாளாச்சு. நான் பொய் சொன்னேன்."

படியில் காலடிச் சத்தம் நின்றது. நான் நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னது, நகம், முடி, வாடை, பள்ளி வாசலில் நடந்தது, மாடியில் தனியாகத் தொழுவது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் குடுத்ததாலயாம்மா?" என்றான் கடைசியில். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்தக் குரல்.

"உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாதுப்பா. நீ ஆசையாத்தான் அனுப்புன, அவரும் ஆசையாத்தான் சாப்ட்டாரு. இப்ப வாடை இல்ல, சத்தியமா இல்ல. ஆனா உங்கத்தா நம்ப மாட்டேங்குறாரு, பள்ளிக்குப் போக மாட்டேங்குறாரு."

போனை வைத்துவிட்டான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் சொன்னாய் என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் அந்த நேரத்துக்கு இவர் மாடிக்குப் போகவில்லை. போன் அடித்ததும் அவரே எடுத்தார்.

"அத்தா."

"சொல்லுப்பா."

இனி இவர்கள் எதை வைத்துப் பேசிக்கொள்வார்கள் என்று நான் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். பிறகு ஜுல்பிகர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"மஃரிபுக்குப் பள்ளிக்குப் போனீங்களாத்தா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லப்பா."

"சரித்தா. நாளைக்குக் கேக்குறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் இவருக்கு நிலைகொள்ளவில்லை. கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தார். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய் ஒளு செய்தார். பொழுது இறங்கும் நேரத்தில் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பீவி, இங்க வா. வாடை இருக்கா?"

என் முகத்துக்கு நேராக ஊதினார். நான் அவசரப்படவில்லை. நிதானமாக மோந்து பார்த்தேன்.

"ஏலக்காய் வாடை வருது. மத்தியானம் சாப்ட்ட மீன் கொழம்பு வாடை லேசா வருது. பூண்டு வாடை இல்ல."

"மீன் வாடை வருதா?"

"வருது. போய் வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வெறுமனே ஒன்றுமே இல்லை என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டார். மீன் வாடையைச் சொன்னதால் நம்பினார். வாய் கொப்புளித்துவிட்டு வந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். பாங்கு சத்தம் எழுந்தபோது, "வாரேன்" என்று படியிறங்கிவிட்டார். தெருமுனை திரும்பும்வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வர வழக்கத்தைவிட நேரமானது. யாராவது முகத்தைத் திருப்பியிருப்பார்களோ, பாதி வழியிலேயே நின்றுவிட்டாரோ என்று என் மனம் பாடாய்ப் பட்டது. போன் ஒருமுறை அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை. அதை எடுக்க வேண்டியது நான் இல்லை. அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் ஓடினேன்.

"கடைசி வரிசையில, ஓரமாத்தான் நின்னேன் பீவி," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "சிக்கந்தர் முதல் வரிசையில நின்னான். திரும்பி என்னையப் பாத்துட்டான். அம்புட்டுப் பேரையும் வெலக்கிக்கிட்டு பின்னால வந்து, இந்தா, இங்க ஒட்டி நின்னான்." தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அந்தத் தோளிலிருந்து அவர் கை நகரவே இல்லை.

போன் மறுபடியும் அடித்தது. பாய்ந்து எடுத்தார். பிள்ளை வாய் திறப்பதற்குள், "போனேன்பா" என்றார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அந்த டப்பாவத் தூக்கிக் குப்பையில போடுங்கத்தா" என்றான்.

"எதுக்குப் போடணும்? நீ பொறுக்கி அனுப்புனது. வெள்ளிக்கிழம அத்தரோட சேத்துக் குடுக்கப் போறேன். ஆளுக்கு ஒண்ணு. ரெண்டாவது கேட்டா அடிதான்."

ஜுல்பிகர் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சிரித்து முடித்ததும் அவனுக்கு வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. இவருக்கும் தெரியவில்லை. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அதற்குள் இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் கேளுப்பா" என்றார்.